லாரி ஸ்டிக்கர் கடையில் பிசிபி: காப்பரை மூட எது உதவுகிறது, எது கைவிடுகிறது

பிசிபி என்றால் எலக்ட்ரானிக் பாகங்களை ஏற்றுகிற சர்க்யூட் போர்டு. ட்ராக் (கரண்டு ஓடுகிற காப்பர் பட்டை) அகலமாகவும் கிரவுண்ட் (எல்லாப் பாகங்களுக்கும் பொதுவான காப்பர் பரப்பு) பெரிதாகவும் இருக்கிற போர்டை வீட்டில் எட்ச் செய்யப் போகிறீர்களா, அதாவது வேண்டாத காப்பரை மட்டும் கரைசலில் அரித்து எடுக்கப் போகிறீர்களா? அரிக்காமல் நிற்க வேண்டிய காப்பரை மூடுகிற பொருளை எலக்ட்ரானிக்ஸ் கடையில் தேடாதீர்கள். வண்டிக்கு எழுத்து வெட்டுகிற ஸ்டிக்கர் கடைக்குப் போங்கள். இந்த ரிவ்யூவின் சாரம் இவ்வளவுதான். மற்ற சாமான்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் நாமக்கல்லில் மைக் செட் ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் செய்கிறேன். ஆடி பிறந்தால் போதும், ஊர் ஊராகக் கோயில் விசேஷம். ஜெனரேட்டர் வோல்டேஜ் ஏறி, பவர் சப்ளை போர்டு கருகி, 5200-1943 டிரான்சிஸ்டர் ஜோடி மொத்தமும் ஷார்ட் ஆகி ஆம்ப் வந்து நிற்கும். டிரான்சிஸ்டர் கடையில் கிடைக்கும். போர்டு கிடைக்காது. பழைய ஆம்ப்களுக்கு அந்த அளவில், அந்த ஓட்டை இடைவெளியில் போர்டு போடுகிறவர்கள் யாரும் இல்லை. ஆன்லைனில் ஃபைலை அனுப்பினால் அழகாகச் செய்து தருவார்கள், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தீமிதி இருக்கும்போது செவ்வாய்க்கிழமை வருகிற ஆளிடம் பத்து நாள் பொறுங்கள் என்று சொல்ல முடியுமா?

அதனால் நான் போடுவதெல்லாம் ஒருபக்கம் மட்டும் காப்பர் தகடு ஒட்டிய காப்பர் கிளாட் போர்டில், காப்பரை அரிக்கிற ஃபெரிக் குளோரைடு கரைசலில், பழைய ஐஸ்கிரீம் டப்பாவில். சாதாரணமாகக் கிடைக்கிற போர்டில் காப்பர் 35 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவு மெல்லிய தகட்டில் ஆம்ப்ளிஃபையர் கரண்டு ஓட வேண்டுமென்றால் ட்ராக்கை அகலப்படுத்துவதைத் தவிர வழியில்லை. என் போர்டுகளில் பாதிக்கு மேல் காப்பர் அப்படியே நிற்கும். இது லாபமும்கூட. கரைக்க வேண்டிய காப்பர் குறைந்தால் ஃபெரிக் குளோரைடும் சீக்கிரம் தீராது. பிரச்சினை ஒன்றே ஒன்று, அவ்வளவு பெரிய பரப்பை ஓட்டை ஒடிசல் இல்லாமல் மூடியாக வேண்டும்.

முதலில் மார்க்கர் பேனா. பெர்மனென்ட் மார்க்கர், ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பது. அவசரத்துக்கு எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கோடு போட நன்றாகவே இருக்கும். பரப்பை நிரப்பும்போதுதான் குணம் தெரியும். ஒரு பூச்சு காயும் முன்னால் அதே இடத்தில் மறுபடி இழுத்தால், புதிய மையில் இருக்கிற ஸ்பிரிட் கீழே இருக்கிற மையைக் கரைத்துப் பேனா முனையோடு இழுத்துக்கொண்டு வந்துவிடும். கறுப்பாகத்தான் தெரியும், ஆனால் டியூப்லைட்டைப் பார்த்துச் சாய்த்துப் பிடியுங்கள், கோடு கோடாகச் செம்பு மின்னும். அந்தக் கோடுகளில்தான் அரிக்கும். நன்றாகக் காயவிட்டுக் குறுக்கே இன்னொரு பூச்சு போட்டால் ஓரளவு தேறும். உள்ளங்கை அகலத்துக்குக் கிரவுண்ட் இருக்கிற போர்டை மார்க்கரை மட்டும் நம்பி ஆசிட்டில் போட எனக்குத் தைரியம் இல்லை. என் மேஜையில் மார்க்கர் இருப்பது ஒட்டுப்போடுவதற்கு.

அடுத்தது டோனர். லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் எடுத்து, அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்த்து, தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரிக்கிற முறை. லேசர் டோனர் என்பது மை கிடையாது, கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் பொடி. சூட்டில் உருகிக் காப்பரில் ஒட்டிக்கொள்ளும். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த தாளைக் கொண்டுவந்து வேலை செய்யவில்லையே என்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

மெல்லிய கோடுகளுக்கு வீட்டு முறைகளில் டோனரைவிடச் சுலபமான வழி வேறு இல்லை. ஐசி கால்களுக்கு நடுவே ஒரு ட்ராக் போக வேண்டுமா, டோனர்தான். ஆனால் பெரிய பரப்பு என்று வந்தால் அதன் பலவீனம் வெளியே வந்துவிடும். பல பிரிண்டர்கள் பெரிய கறுப்புக் கட்டத்தின் ஓரத்தில் டோனரைத் தாராளமாகப் போட்டுவிட்டு நடுவில் கஞ்சத்தனம் காட்டும். ஜெராக்ஸ் கடைப் பிரிண்டரில் டோனர் சேவ் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். தாளில் கொஞ்சம் ஈரம் இருந்தால்கூட, இஸ்திரிச் சூட்டில் ஆவி வெளியேற வழியில்லாமல் கறுப்புப் பரப்பின் நடுவே கொப்புளம் கட்டும். தாளை உரிக்கும்போது கொப்புளம் தாளோடு போய்விடும். கிரவுண்டை முழுக் கறுப்பாக விடாமல் வலைபோலக் கட்டம் கட்டமாக வரைந்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். போர்டு வரைகிற கீகேட் மென்பொருளில் அதற்கு வசதியே இருக்கிறது. ஆனால் எனக்குக் கரண்டு ஓட முழுக் காப்பர் வேண்டும், வலை போதாது.

நெயில் பாலிஷைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கிற மலிவான பாட்டிலே போதும். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்பதால் ஃபெரிக் குளோரைடு அதைத் தொடாது, அசிட்டோன் பட்டால் கரைந்து போய்விடும். வாங்கும்போது சிவப்பு, பிரவுன், ரோஸ் எதுவும் வேண்டாம். காப்பர் மேல் அந்த நிறங்கள் கலந்துவிடும், விட்டுப்போன இடம் கண்ணுக்குப் படாது. அடர் நீலம் அல்லது பச்சை வாங்குங்கள். அந்தச் சின்னப் பிரஷ் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டைக்குச் சரியாக இருக்கும். டோனரில் கொப்புளம் விட்ட இடம், நடுவில் வெளுத்துப்போன கிரவுண்ட், இதற்கெல்லாம் இதைவிட நல்ல மருந்து இல்லை. ஓரம் மட்டும் வழியும், நேர்கோடு எதிர்பார்க்காதீர்கள். மேலே தோல் காய்ந்து உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும்போது சூடான ஃபெரிக் குளோரைடில் இறக்கினால் சுருங்கிக்கொண்டு எழும்பும். அதனால் பொறுமை வேண்டும்.

டேப் வகையில் நல்லது கெட்டது இரண்டும் உண்டு. பெட்டி ஒட்டுகிற அகல பேக்கிங் டேப் பிரமாதம். இரண்டு பக்கமும் காப்பர் இருக்கிற போர்டில் ஒரு பக்கத்தை முழுக் கிரவுண்டாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அந்தப் பக்கம் முழுக்க பேக்கிங் டேப் ஒட்டி ஓரத்தை மடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஹாம் ரேடியோ நண்பர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். பிறகு ட்ரில் போட்டு, கிரவுண்டில் சேரக் கூடாத ஓட்டைகளைச் சுற்றிக் கொஞ்சம் பெரிய பிட்டைக் கையாலேயே திருகினால் காப்பர் வட்டமாகச் சீவி வந்துவிடும். கறுப்பு இன்சுலேஷன் டேப் இழுத்து ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் பழைய நீளத்துக்குச் சுருங்கும், ஓரம் திறக்கும், அங்கே கரைசல் உள்ளே போகும். பெயிண்டர்கள் ஒட்டுகிற பேப்பர் டேப் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, அது தண்ணீரைக் குடிக்கும்.

பேக்கிங் டேப்பை முழுப் போர்டிலும் ஒட்டி, பிளேடால் கோடு வெட்டி, வேண்டாததை உரித்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். நானும் செய்கிறேன். நாலைந்து பட்டைகளே இருக்கிற ரெக்டிஃபையர் போர்டுக்கு அது போதும். வளைவு வந்தால் கை நடுங்கும். அங்கேதான் ஸ்டிக்கர் கடை வருகிறது.

நாமக்கல்லைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, லாரி பாடி கட்டுகிற ஊர். பாடி கட்டுகிற ஊரில் ஸ்டிக்கர் கடைக்குப் பஞ்சமா? டிரைவர் கேபின் மேலே குலதெய்வத்தின் பெயர், பக்கவாட்டில் பிள்ளைகள் பெயர், பின்னால் மயில் என்று எல்லாமே வினைல் ஷீட்டில் பிளாட்டர் மெஷின் வெட்டுவது. நாங்கள் பொதுவாக ரேடியம் கடை என்போம். அந்த மெஷினுக்கு மயிலும் ஒன்று, பவர் சப்ளை ட்ராக்கும் ஒன்று. பின்புறம் பசை உள்ள பிளாஸ்டிக் ஷீட், ஃபெரிக் குளோரைடு அதை ஒன்றும் செய்யாது, பரப்பு எவ்வளவு பெரிதானாலும் நடுவில் ஊசிமுனை ஓட்டைகூட விழாது. நான் தேடியது இதைத்தான்.

நான் போகிற கடையில் மெஷினில் உட்கார்ந்திருக்கிற தம்பி முதல் தடவை ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது எந்த வண்டிக்குங்க?" என்றான். ஆம்ப்ளிஃபையருக்கு என்றேன். மூடி மேல் ஒட்டுகிற டிசைன் என்று நினைத்து, தங்க நிறத்தில் போடலாமா என்று கேட்டான். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்னால் அவனே வெல்ட் போட்டுவிடுகிறான்.

அந்த வெல்ட் விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். போர்டு டிசைன் மென்பொருளில் பேட் (பாகத்தின் காலுக்கு ஈயம் வைக்கிற இடம்) ஒரு வட்டம், ட்ராக் ஒரு பட்டை, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பிரிண்ட் எடுத்தால் எல்லாம் ஒரே கறுப்பு, தெரியாது. பிளாட்டர் ஓரக்கோட்டைத்தான் வெட்டும் என்பதால், பேட்டும் ட்ராக்கும் சேருகிற இடத்தில் குறுக்கே பிளேடு ஓடிவிடும். அந்த வெட்டுக்குள் கரைசல் போனால் ட்ராக் மயிரிழை அளவுக்கு அறுந்திருக்கும், மீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கடைக்காரர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் கோரல்டிரா. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெல்ட் கொடுத்தால் ஒரே உருவமாகிவிடும். கடையில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கண்ணாடித் திருப்பம். டோனர் முறையில் தாளைக் கவிழ்த்து ஒட்டுகிறோம், அதனால் கீழ்ப்பக்க லேயரை (போர்டின் அடியில் வருகிற காப்பரின் வரைபடம், மென்பொருளில் மேலிருந்து பார்ப்பதுபோல் தெரியும்) திருப்பாமல் பிரிண்ட் எடுத்தால்தான் சரியாக வரும். ஸ்டிக்கரைக் கவிழ்ப்பதில்லை, பார்க்கிற முகம் மேலேயே இருக்கும். அதனால் கீழ்ப்பக்க லேயரைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும். டோனரில் பழகிய கை இங்கே தடுமாறும். போர்டின் ஒரு மூலையில் ஏதாவது ஓர் எழுத்தைக் காப்பரிலேயே வைத்துவிடுங்கள். ஸ்டிக்கரில் அந்த எழுத்து நேராகப் படிக்க முடிந்தால் சரி.

அளவு விஷயத்தில் பேராசை கூடாது. ட்ராக் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால், வேண்டாத வினைலை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து எழும்பி வந்துவிடும். நான் ஒன்றரைக்குக் கீழே போவதில்லை. ட்ராக்குகளுக்கு நடுவே இடைவெளியும் ஒரு மில்லிமீட்டராவது வேண்டும். கூர்மையான மூலைகளை வளைத்துவிடுங்கள், மூலையில்தான் ஷீட் முதலில் எழும்பும். பேட் நடுவில் ட்ரில்லுக்கான சின்ன ஓட்டையை பிளாட்டரால் வெட்ட முடியாது, முயன்றால் கிழித்துவிடும். டோனர் போர்டில் அந்தச் சின்ன ஓட்டை அரித்துப் பள்ளமாகி ட்ரில் பிட்டைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஸ்டிக்கர் போர்டில் அந்த வசதி போய்விடுகிறது. டாட் பஞ்சை வைத்து ஒவ்வொரு பேடிலும் லேசாகத் தட்டித்தான் ஆக வேண்டும். எனக்கு இந்த முறையில் பிடிக்காத ஒரே வேலை இதுதான்.

ஷீட்டில் வெயில் பட்டால் மின்னுகிற வகை வேண்டாம். தடிமன் அதிகம், சின்ன வளைவில் பிளேடு திணறும். சாதாரணக் கலர் வினைலே போதும், நிறம் எதுவானாலும் சரி. மிச்சம் விழுந்த துண்டு ஷீட்டில் வெட்டச் சொல்லுங்கள், கடைக்காரர்கள் பெரும்பாலும் அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை. என் கடையில் உள்ளங்கை அளவு போர்டுக்கு வெட்டுக்கூலியோடு ஒரு டீ, வடைச் செலவுதான் ஆகிறது. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம்.

ஒட்டுவதற்கு முன்னால் போர்டைச் சுத்தம் செய்வதில்தான் பாதி வெற்றி. எந்த முறைக்கும் இது பொருந்தும். பச்சை ஸ்க்ரப்பரில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தொட்டு வட்ட வட்டமாகத் தேயுங்கள். குழாயில் காட்டி எடுத்ததும் தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக நிற்க வேண்டும். எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது, மறுபடி தேயுங்கள். காய்ந்த பிறகு காப்பரில் விரல் படக் கூடாது, ஓரத்தைப் பிடித்தே தூக்க வேண்டும்.

ஸ்டிக்கர் கடைக்காரர்கள் கண்ணாடியில் ஒட்டும்போது சோப்புத் தண்ணீர் தெளித்து நகர்த்தி நகர்த்தி ஒட்டுவார்கள். காப்பரில் அது வேண்டாம், ஓரத்தில் ஈரம் தங்கிவிடும். உலர்வாகவே ஒட்டி, பழைய ஏடிஎம் கார்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். வெட்டிய வினைலைத் தூக்கி ஒட்ட மேலே போட்டிருக்கிற டிரான்ஸ்ஃபர் டேப்பை மெதுவாக, கிட்டத்தட்டத் தரையோடு படுத்த கோணத்தில் உரிக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் ட்ராக்கும் கூட வரும். உரித்த பிறகு ஒவ்வொரு ஓரத்தையும் நகத்தால் ஒரு தடவை அழுத்திவிட்டால் நிம்மதி.

ஃபெரிக் குளோரைடு கைபொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். சூடு கூடினால் வேகமாக அரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் வினைலின் பசையும் இளகும். போர்டைக் காப்பர் பக்கம் கீழே பார்க்கும்படி மிதக்கவிட்டால் கரைந்த கசடு தானாகக் கீழே விழும், அடியில் காற்றுக் குமிழ் மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொடி வாங்கிக் கலக்குகிறவர்கள் தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், நன்றாகவே சூடேறும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீல் சிங்க்கில் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் வேண்டாம். அதில் இருக்கிற செம்பு மீனுக்கும் மண்ணுக்கும் விஷம்.

அரித்து முடிந்ததும் வினைல் தோலாக உரிந்து வந்துவிடும், கொஞ்சம் பசை ஒட்டியிருக்கும். நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விட்டுத் துணியால் துடைத்தால் போய்விடும். மண்ணெண்ணெயும் கேட்கும், ஆனால் அதன் வாடை பட்டறையில் சாயங்காலம் வரைக்கும் நிற்கும். பசை போன பிறகு மறுபடி சோப்பு போட்டுக் கழுவாவிட்டால் ஈயம் பிடிக்காது.

வெளிச்சம் பட்டால் இறுகுகிற மெல்லிய ஷீட்டான டிரை ஃபிலிம் எங்கே என்று கேட்பீர்கள். டூபாண்ட் 1960-களின் கடைசியில் ரிஸ்டன் என்ற பெயரில் கொண்டுவந்த வகை, இப்போது துண்டு துண்டாக ஆன்லைனிலும் கிடைக்கிறது. போர்டில் சூடாக ஒட்டி, நெகட்டிவ் வைத்து, நகத்துக்கு ஜெல் காய வைக்கிற யுவி விளக்கில் காட்டி, நூற்றுக்கு ஒரு பங்கு சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவினால், வெளிச்சம் பட்ட இடம் மட்டும் நிற்கும். பரப்பும் மூடும், மெல்லிய கோடும் வரும். தரத்தில் இதற்குத்தான் முதல் இடம், சந்தேகமே இல்லை. ஆனால் சாதாரண வெளிச்சத்தில் கையாள முடியாது, மஞ்சள் விளக்கு வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கிற மெல்லிய உறையை நகத்தால் பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். ஒட்டும்போது தூசி ஒன்று சிக்கினால் அங்கே கூடாரம் போட்டு நிற்கும். வாரம் முழுக்க போர்டு போடுகிறவர்களுக்குச் சரி. எப்போதாவது ஒன்று போடுகிற எனக்கு, சுருளில் பாதி வீணாய்ப் போகிறது. ஒரே போர்டில் நுண்ணிய ஐசியும் பெரிய கிரவுண்டும் இருந்தால், நான் ஐசி பக்கத்தை டோனரில் எடுத்துவிட்டு, கிரவுண்டை மட்டும் வினைல் துண்டு ஒட்டி மூடிவிடுகிறேன், சேருகிற இடத்தில் நெயில் பாலிஷ் ஒரு கோடு.

பிசிபியைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படுகிற பால் ஐஸ்லர் 1930-களில் லண்டனில் உட்கார்ந்து அச்சுத் தொழிலில் இருந்த முறைகளைக் கொண்டுதான் ரேடியோவுக்குச் சர்க்யூட் அச்சடிக்கப் பார்த்தார். அவர் நாமக்கல்லில் இருந்திருந்தால் நேராக இந்தக் கடைக்குத்தான் வந்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கடையைப் பற்றிக் குறை சொல்ல இரண்டு உண்டு. ஃபைல் அளவை ஒருமுறையாவது ஸ்கேலில் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும், திறக்கும்போது பெரிதாகவோ சிறிதாகவோ மாறிவிடுவது நடக்கிறது. ஐசி கால் வரிசையை வெட்டிய ஷீட்டின் மேலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, ஆயுத பூஜை வாரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஊரில் இருக்கிற லாரி எல்லாம் புதுப் பெயர் எழுத வரிசையில் நிற்கும், உள்ளங்கை அளவு போர்டோடு போகிற நமக்கு அன்றைக்கு நாற்காலிகூடக் கிடைக்காது.